காற்றாலையும் வட்டிக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் இருந்து தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் வழியில் காற்றாலைப் பண்ணை தென்படாது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு காற்றாலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். ஒரு விதத்தில் இது பொருத்தமான ஊர்தான். காற்றாலையில் பாதி விஷயம் இறக்கையில் இருக்கிறது. மீதிப் பாதி வட்டியில் இருக்கிறது. காற்றாலைத் திட்டங்களுக்கு வரவு செலவுக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். பேரேடும் ஐந்தொகையும் வீட்டுப் பேச்சாகவே இருந்த ஊரில் அந்தக் கணக்கைச் சொல்வதற்கு எனக்குக் கஷ்டமில்லை.

முதலில், நம் பக்கம் ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் காற்று மின்சாரத்தில் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றால் வருவது. மே மாதக் கடைசியில் தொடங்கினால் செப்டம்பர் வரை அடிக்கும். அதை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மலையில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே காற்று நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்கள், அப்புறம் கம்பம் பள்ளத்தாக்கு. நம் பெரிய வீடுகளில் முகப்புக் கதவும் பின்கட்டுக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நடு நிலைப்படியில் நின்றால் வேட்டி பறக்கும். நாலடி தள்ளிப் பட்டாலையில் உட்கார்ந்தால் கையில் விசிறி வேண்டும். ஆரல்வாய்மொழியும் அதை ஒட்டிய முப்பந்தலும் அந்த நிலைப்படி. நாம் பட்டாலைக்காரர்கள்.

'கொஞ்சம் காற்று குறைவாக இருந்தால் என்ன, கொஞ்சம் குறைவாக மின்சாரம் எடுத்துக்கொள்ளலாமே' என்று கேட்பவர்கள் உண்டு. அது நடக்காது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, வந்ததை மறுபடியும் வேகத்தால் பெருக்க வேண்டும் என்பது விதி. விநாடிக்கு 5 மீட்டர் வேகமுள்ள ஊருக்கும் 6 மீட்டர் வேகமுள்ள ஊருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மீட்டர். கையை நீட்டிப் பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது. ஆற்றலில் பார்த்தால் ஏறக்குறைய 73 சதவீதம் கூடுதல். அதனால்தான் காற்றாலை வைப்பவர் இடம் தேடுவதில் அத்தனை பிடிவாதம் பிடிக்கிறார். உயரத்துக்குப் போகப் போக வேகம் கூடும் என்பதால் கோபுரமும் வளர்ந்துகொண்டே போகிறது.

அந்த ஆற்றல் முழுவதையும் எடுத்துவிடவும் முடியாது. முழுவதையும் எடுத்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும்; அடுத்து வரும் காற்றுக்கு வழி இருக்காது. ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கணக்குப் போட்டு, அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் என்று சொல்லிவிட்டார். இன்றைய நல்ல இயந்திரங்கள் நாற்பதைத் தாண்டி எடுக்கின்றன. இதற்கு மேல் இறக்கையைச் செதுக்கிக்கொண்டிருப்பதில் பெரிய லாபம் இல்லை. இறக்கையை நீளமாக்குவதில்தான் லாபம். விட்டம் இரட்டித்தால் காற்றைப் பிடிக்கும் பரப்பு நாலு மடங்கு.

1986-இல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் அரசு முதன்முதலாகச் செயல்விளக்கக் காற்றாலைகளை நிறுவியது. அந்தக் காலத்து இயந்திரம் ஒன்றின் திறன் 55 கிலோவாட். இறக்கை வட்டத்தின் விட்டம் 15 மீட்டர் அளவுதான். இன்று நிறுத்துகிற இயந்திரம் 2, 3 மெகாவாட். விட்டம் 140 மீட்டரைக்கூடத் தாண்டுகிறது. இறக்கை கண்ணாடி இழையில் செய்தது, உள்ளே இலேசான பால்சா மரம். கீழே இருந்து பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோல் தெரியும். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்றுதான். ஆனால் இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்.

உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் கியர்பாக்ஸ் அந்தப் பத்துப் பதினைந்து சுற்றை ஆயிரத்துச் சொச்சம் சுற்றாக்கி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. கியர்பாக்ஸே இல்லாத ரகமும் உண்டு. விநாடிக்கு 3 மீட்டர் காற்று வந்தால் இயந்திரம் விழித்துக்கொள்ளும். பதினொன்று, பன்னிரண்டு மீட்டரில் முழுத்திறனுக்கு வந்துவிடும். அதற்கு மேல் காற்று கூடினால் இறக்கைகள் தம் அச்சில் திரும்பி, அதிகப்படியான காற்றை விட்டுவிடும். இருபது, இருபத்தைந்து மீட்டருக்குப் போனால் இயந்திரம் தானே நின்றுவிடும். அம்மியே பறக்கிற ஆடிக்காற்றில் சில காற்றாலைகள் நிற்கக் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மெகாவாட் நிறுவ 7 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது முழுத்திறனில் ஓடினால் மணிக்கு 1,000 யூனிட். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஆண்டு முழுக்க முழுத்திறனில் ஓடினால் 87 லட்சத்து 60 ஆயிரம் யூனிட். எந்தக் காற்றாலையும் அப்படி ஓடாது. நல்ல இடத்தில், நல்ல இயந்திரத்தில் 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 26 லட்சத்து 28 ஆயிரம் யூனிட். நிலக்கரி நிலையத்துக்கு நிலக்கரி வாங்க வேண்டும், டீசலுக்கு டீசல் வாங்க வேண்டும். இங்கே காற்றுக்குப் பில் வராது. ஆனால் இருபது வருடத்துக்கான செலவில் பெரும்பகுதியை முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும்.

அந்த 7 கோடியும் கடன், 20 வருடத்தில் சமத்தவணையில் அடைக்க வேண்டும் என்றால்? வட்டி 10 சதவீதம் என்றால் வருடத் தவணை சுமார் 82 லட்சம். யூனிட்டுக்கு 3 ரூபாய் 13 பைசா. பராமரிப்புக்கு வருடம் 10 லட்சம் என்றால் இன்னொரு 38 பைசா. மொத்தம் 3 ரூபாய் 51 பைசா. இப்போது வட்டியை மட்டும் 7 சதவீதமாக்குங்கள். அதே இயந்திரம், அதே காற்று, அதே கோபுரம். மொத்த விலை 2 ரூபாய் 89 பைசா. வட்டி 12 ஆனால் 3 ரூபாய் 95 பைசா. ஐந்து சதவீத வட்டி, ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம். எந்தப் பொறியாளர் இறக்கையை எவ்வளவு நுணுக்கமாக வளைத்தாலும் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியாது. வெளிநாடுகளில் காற்று மின்சாரம் மலிவு என்ற செய்தியைப் படிக்கும்போது, அங்கே நடப்பு வட்டி என்ன என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் தவறினாலும் இதே கதிதான். 30 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் ஓடுகிற இடத்தில் வைத்தால், 10 சதவீத வட்டியில் தவணை மட்டுமே யூனிட்டுக்கு 4 ரூபாய் 69 பைசா ஆகிவிடும்.

இடம் பார்க்காமல் வைக்கிற இந்தத் தவறு நம் நாட்டில் ஏராளமாக நடந்தது. 1990-களில் காற்றாலை வைத்தால் முதல் வருடத்திலேயே 100 சதவீதத் தேய்மானத்தை, அதாவது அதன் விலை முழுவதையும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. உரிய தேதிக்குள் இயந்திரத்தை நிறுவிவிட்டால் போதும். வரி மிச்சம் கைக்கு வந்த பிறகு அது சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன? காற்றாலைத் தொழிலை நாட்டில் வேரூன்ற வைத்தது அந்தச் சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் நிறுவியதற்குப் பணம் கொடுத்தோம், ஓடியதற்குக் கொடுக்கவில்லை. 2009-இல்தான் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை என்ற திட்டம் வந்தது. என்னைக் கேட்டால் அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு காற்று மின்சாரத்துக்கு முதல் ஏலத்தை நடத்தியது; குறைந்த விலைக்குத் தருகிறவருக்கு ஒப்பந்தம். அப்போது தமிழ்நாட்டில் நிர்ணயித்திருந்த விலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 16 பைசா. ஏலத்தில் 3 ரூபாய் 46 பைசாவுக்கு வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் குஜராத்தில் 2 ரூபாய் 43 பைசாவுக்கு இறங்கிவிட்டது. நாம் போட்ட கணக்கை வைத்துப் பாருங்கள், அந்த விலையில் எத்தனை பேர் கரையேற முடியும்? அந்தக் காலத்தில் ஏலம் எடுத்த திட்டங்கள் பல இழுத்துக்கொண்டே போனதில் ஆச்சரியமில்லை.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் ஒரு பெரும் பங்கு திருப்பூர், கோயம்புத்தூர், ராஜபாளையம் பக்கத்து மில்காரர்களுடையது. ஆரல்வாய்மொழியில் உற்பத்தி செய்து, அரசு மின்கம்பியில் அனுப்பி, தங்கள் மில்லில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் காற்று ஐந்து மாதம். மில் பன்னிரண்டு மாதம். அதற்காக வந்ததுதான் பேங்கிங். ஆடியில் போட்டு வைத்த யூனிட்டைத் தையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த ஏற்பாடு. இதற்கு வட்டி கிடையாது, கழிவு உண்டு. 2018-இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அந்தக் கழிவை 14 சதவீதம் என்று வைத்தது. அதன்படி நூறு போட்டால் எண்பத்தாறுதான் எடுக்க முடிந்தது. மில்காரர்கள் இதை அநியாயம் என்பார்கள். மின்வாரியமோ, ஆடியில் யாருக்கும் வேண்டாத மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, கோடையில் சந்தையில் அதிக விலைக்கு வாங்கித் திருப்பித் தருகிறோம் என்று சொல்லும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மின்சாரத்தைப் பெட்டியில் பூட்டி வைக்க முடியாதவரை இந்தச் சண்டை ஓயாது.

காற்று அடிக்கும்போதே சில காற்றாலைகள் நிற்க இன்னொரு காரணம் உண்டு என்றேனே, அதுவும் இதுதான். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் காற்று மின்சாரம் வந்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் கம்பி தாங்காவிட்டாலோ தேவை குறைந்தாலோ, ஓடுகிற காற்றாலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். காற்று இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, வருமானம் மட்டும் இல்லை. தவணை தேதி மாறாது.

பூட்டி வைக்கும் பெட்டியில் ஒன்று கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம். இன்னொரு வகை பேட்டரி. அது நம் ஊர் சமாச்சாரம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் பேட்டரியும் உலோக அரிப்பும் முக்கியமான ஆராய்ச்சிகள். மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் காற்றாலை நிறுத்துவது பற்றிப் பேச்சு நடக்கிறது. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்பதை ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் வைத்துப் பார்த்தவர்கள் இந்த ஆய்வகத்தார்தான். கடல் காற்றாலைக்கு ஆகும் செலவு தரையில் ஆவதைவிட மிக அதிகம். 2024-இல் மத்திய அரசு 7,453 கோடி ரூபாய் உதவித்தொகை அறிவித்தும் வேகம் பிடிக்கவில்லை.

எனக்கு அதைவிட முப்பந்தலின் பழைய இயந்திரங்களைப் பற்றித்தான் கவலை. காற்று மிக நன்றாக அடிக்கிற இடத்தை முப்பது வருடத்துக்கு முன் வந்த சின்ன இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரிதாக வைக்க 2024-இல் மாநில அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. பெரிய இயந்திரத்துக்கு இடைவெளி அதிகம் வேண்டும். அதனால் பக்கத்துப் பக்கத்து உரிமையாளர்கள் நாலைந்து பேர் சேர வேண்டும். பங்காளிகள் ஒன்றாகக் கையெழுத்துப் போடுவது எத்தனை பாடு என்று இந்த ஊரில் நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பழைய காற்றாலை ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு. தரகர் காட்டும் வருட உற்பத்தி எண்ணை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். குறைந்தது ஐந்து வருடத்துக்கு மாதவாரி மீட்டர் கணக்கைக் கேளுங்கள். காற்று மாதங்களில் எத்தனை நாள் பழுதாகி நின்றது, எத்தனை நாள் நிறுத்தச் சொன்னார்கள் என்று தனித்தனியாகப் பாருங்கள். மின்சாரத்தை விற்கிற ஒப்பந்தம் என்றால், பில் போட்ட தேதியையும் பணம் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பணம் ஒரு வருடம் தாமதமானால், 10 சதவீத வட்டியில், நம் 3 ரூபாய் 51 பைசாவில் 35 பைசா போய்விடும். ஏறக்குறைய முழுப் பராமரிப்புச் செலவும் அவ்வளவுதான். நிலம் பத்திரத்தில் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்பதையும் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள். வணக்கம்.