மூன்றாவது கால்

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஆடியில் குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையை வீடியோ எடுக்கப் போயிருந்தேன். சேலத்துக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். வண்டிகளைச் சோடித்து, சாமி வேடம் போட்டவர்களை அதில் ஏற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நெருக்கியடித்து நிற்கும். அங்கே மூன்று கால் ட்ரைபாடை விரித்தால் நாலு பேர் தடுக்கி விழுவார்கள். வெறும் கையில் எடுத்தால், பின்னால் நிற்பவர் தோள் பட்டதுமே படம் குலுங்கும். என் இரண்டு பாதத்துக்கும் முன்னால் ஒரு ரூபாய் நாணயம் வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. கேமராவை ஒற்றைக் காலில் தாங்கும் மோனோபாடை அங்கே ஊன்றினேன். அம்மன் வேடம் போட்ட ஒரு சின்னப் பையனின் நெற்றியில், வேர்வையோடு குங்குமம் கரைந்து புருவத்துக்கு இறங்குவதை முழுசாகப் பன்னிரண்டு நொடி எடுக்க முடிந்தது.

இருபது வருடமாகச் சேலத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாளில் ஏற்காட்டுக்குப் போய்ப் பறவைப் படம் எடுப்பேன். என்னிடம் யோசனை கேட்க வரும் பிள்ளைகள் பல பேர், "நல்ல ட்ரைபாட் வாங்கக் காசு பத்தலை அண்ணா, அதனால மோனோபாட் பார்க்கிறேன்" என்கிறார்கள். அந்த எண்ணத்தோடு கடைக்குப் போனால் தப்பான பொருளைத்தான் எடுத்து வருவோம். ட்ரைபாட் தானாக நிற்கும். மோனோபாட் நம்மோடு சேர்ந்துதான் நிற்கும், நம் இரண்டு காலுக்குத் துணையாக வரும் மூன்றாவது கால் அது. அதனால் கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் நம் உயரத்தையும், நாம் வழக்கமாக நிற்கிற தரையையும் பார்க்க வேண்டும்.

அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மர நிழல் எப்போதும் அடர்த்தியாக இருக்கும். காலை ஏழு மணிக்கு ஓடை ஓரத்தில் சீகாரப் பூங்குருவி சீட்டி அடிக்கும். பள்ளிக்கூடப் பையன் யாரோ விசில் அடித்துக்கொண்டு போகிறான் என்றுதான் முதலில் நினைப்போம். குரல் வந்த பக்கம் பார்த்தால், ஈரப் பாறை மேல் கருநீலமாக உட்கார்ந்திருக்கும். 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால் சட்டர் வேகம் குறைந்தது 1/200 நொடி வேண்டும் என்பது பழைய கணக்கு. சின்ன சென்ஸார் கேமராவில் அதை ஒன்றரை மடங்காக்கி 1/300 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிழலில் 1/320 வைத்தால் ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 3200-க்குப் போய்விடும், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். மோனோபாட் இருந்தால் இரண்டு ஸ்டாப் தைரியமாக இறங்கலாம். ஒரு ஸ்டாப் என்றால் வேகம் பாதியாவது, இரண்டு என்றால் கால்வாசி. 1/80 போதும், ஐஎஸ்ஓ 800-லேயே முடிந்துவிடும். நெஞ்சில் இருக்கும் அந்தப் பளபளக்கிற நீலம் அப்போதுதான் நீலமாகவே வரும்.

ஆனால் பறவை தலையைத் திருப்பினால் 1/80-இல் தலை கலங்கத்தான் செய்யும். மோனோபாட் நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், எதிரே இருப்பதன் அசைவைப் பிடிக்காது. அதே மாதிரி, ஏற்காட்டு லேடீஸ் சீட் மலை முனையில் நின்று ராத்திரிச் சேலத்து விளக்குகளை எடுக்க வேண்டும் என்றால் பல நொடிகள் சட்டர் திறந்திருக்கும். அதற்கு ட்ரைபாட்தான், வேறு வழியே இல்லை.

சரி, கடைக்குப் போவோம். முதலில் உயரம். பெட்டியில் 150 செ.மீ. என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் போதும் என்று எல்லோரும் நினைக்கிறோம். என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். தரையிலிருந்து என் கண் ஏறத்தாழ 157 செ.மீ. கேமராவின் அடிப்பாகத்திலிருந்து, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வரை ஒரு 10 செ.மீ., கேமராவைச் சாய்க்க நடுவில் வைக்கும் ஹெட் ஒரு 9 செ.மீ. இரண்டையும் கழித்தால் 138 வருகிறது. சமதரையில் 150 தாராளம். ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் சமதரைக்கு எங்கே போவது? தோட்டத்துச் சரிவில் நான் மேலே நிற்பேன், மோனோபாடின் பாதம் முன்னால் ஓரடி பள்ளத்தில் ஊன்றியிருக்கும். அப்போது 168 வேண்டும். 150-ஐ வைத்துக்கொண்டு ஒரு மார்கழிக் காலை முழுவதும் குனிந்தே நின்று எடுத்திருக்கிறேன். இடுப்பு வலி வந்ததும் கை நடுங்கும், எந்த நடுக்கத்தைத் தவிர்க்க மோனோபாட் வாங்கினோமோ அது திரும்ப வந்துவிடும். மலைக்குப் போகிறவர்கள் உங்கள் உயரத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ நீள்வதை வாங்குங்கள். மண்டபத்தில் மட்டும் எடுப்பவர்களுக்கு அவ்வளவு நீளம் தேவைப்படாது.

ஒன்றுக்குள் ஒன்று போகும் குழாய் அடுக்கு எத்தனை என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். அடுக்கு கூடக் கூட மடித்தால் குட்டையாகும், பையில் அடங்கும், இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே ஏறலாம். ஆனால் கடைசிக் குழாய் சுண்டுவிரல் பருமனுக்கு மெலிந்துவிடும், கனமான லென்ஸ் வைத்தால் வளையும். நாலு அடுக்கு எனக்கு ஒத்துவருகிறது. விரிக்கும்போது மேலே இருக்கும் தடித்த குழாயை முதலில் இழுங்கள். மெலிந்ததைக் கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும் இழுக்கலாம்.

அப்புறம் பூட்டு. இதில் ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் திருகிப் பூட்டுகிற வகை மோனோபாட் வைத்திருந்தேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் வளையம் தேய்ந்து போயிருந்தது வெளியே தெரியவில்லை. கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் அது மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. என் கவனம் முழுக்க மாப்பிள்ளையின் கையில் இருந்த தாலியில் இருந்தது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால், பெண்ணின் முகம் மேலே மேலே போய்ச் சட்டத்தை விட்டே வெளியேறிவிட்டது. "தாலி கட்டுறப்ப என் முகமே இல்லையே அண்ணா" என்று அந்தப் பெண் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த நொடியைத் திரும்ப எடுத்துக் கொடுக்க யாராலும் முடியாது.

அதன் பிறகு நெம்பு மாதிரி மடக்கிப் பூட்டுகிற ஃப்ளிப் லாக்தான் வைத்திருக்கிறேன். பூட்டியிருக்கிறதா இல்லையா என்று இருட்டிலும் கட்டைவிரலால் தடவினாலே தெரிந்துவிடும். தளர்ந்தால் பக்கத்தில் இருக்கும் திருகை இறுக்கினால் சரியாகிவிடும். அதற்கும் குறை உண்டு, கூட்டத்தில் யாருடைய பை வாரிலாவது, சேலை முந்தானையிலாவது மாட்டும். திருகிப் பூட்டுகிற ட்விஸ்ட் லாக் மாட்டாது, வழவழவென்று இருக்கும், ஆனால் அதற்கு மண் ஆகாது. மலையில் சேறும் செம்மண்ணும் ஒட்டினால் வீட்டுக்கு வந்து எல்லா அடுக்கையும் இழுத்துவிட்டு, ஈரத்தைத் துடைத்து, நிழலில் காயவிட்டுத்தான் மூட வேண்டும். எந்தப் பூட்டானாலும் கடையிலேயே முழுக்க நீட்டி, பூட்டி, உள்ளங்கையை மேலே வைத்து உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். ஒரு நூல் இறங்கினாலும் வேண்டாம்.

தாங்கும் எடைக்குக் கேமரா, லென்ஸ் இரண்டின் எடையையும் கூட்டி, அதைப் போல இரண்டு மடங்கு போட்டிருந்தால் வாங்கலாம். கார்பன் ஃபைபரா அலுமினியமா என்பதில் நான் அதிகம் யோசிக்க மாட்டேன். ஒரே ஒரு கால் என்பதால் மிச்சமாகும் எடை ஒரு டம்ளர் தண்ணீர் அளவுதான். அந்தக் காசில் நல்ல ஹெட் வாங்கிவிடலாம்.

ஹெட்டில் பலரும் உருண்டை மேல் சுழலும் பால்ஹெட்டைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஒற்றைக்காலில் அது எல்லாப் பக்கமும் சாய்ந்து தொல்லை கொடுக்கும். இடது வலது திரும்ப மோனோபாடே சுழலும், பக்கவாட்டில் சரிக்க நாமே காலைச் சாய்த்துக்கொள்ளலாம். மிச்சம் வேண்டியது மேலும் கீழும் பார்ப்பது ஒன்றுதான். அதற்கு ஒரே பக்கமாகச் சாயும் டில்ட் ஹெட் போதும். வாங்கும்போது திருகு அளவைக் கவனியுங்கள். கேமராவின் அடியில் 1/4 அங்குலம், பல மோனோபாடுகளின் தலையில் 3/8 அங்குலம் இருக்கும். மாற்றித் திருகும் சின்னப் பித்தளை வளையம் ஒன்றைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீடியோவுக்குப் பாதம் முக்கியம். சாதாரண ரப்பர் பாதத்தில் மேலும் கீழும் ஆடுவது நின்றுவிடும், ஆனால் பக்கவாட்டில் மெல்ல ஊசலாடும். அடியில் மூன்று குட்டிக் கால்கள் விரிகிற வகை அதைப் பெருமளவு குறைத்துவிடும். ஆனால் அந்தக் குட்டிக் கால்களை நம்பிக் கையை எடுத்துவிடாதீர்கள். ஏற்காட்டுப் பகோடா பாயின்ட் மலை முனையில் அடிக்கிற காற்றுக்கு ஒரு நொடி போதும். கூர் முனை வைத்த பாதம் ஈரச் சருகு மேல் அருமையாக ஊன்றும். கோயில் கல் தளத்திலும் மண்டபத்து டைல்ஸிலும் அதைக் கழற்றிவிட்டு ரப்பரைப் போடுங்கள்.

இணையத்தில் மோனோபாட் என்று தேடினால் செல்ஃபி குச்சியும் அதே பெயரில் வரும். 200 கிராம் போனுக்குச் செய்த குச்சியில் ஒன்றரைக் கிலோ கேமராவை மாட்டினால் கழுத்தோடு முறியும். போனில் எடுப்பவர்கள் உண்மையான மோனோபாடில் 1/4 அங்குலத் திருகு உள்ள போன் பிடியை மாட்டிக்கொள்ளலாம், நன்றாகவே வரும்.

நிற்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு வையுங்கள், மோனோபாடின் பாதம் அவற்றுக்கு ஓரடி முன்னால் இருக்கட்டும். கேமராவை உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்து நெற்றியில் ஒட்டிக்கொள்ளுங்கள். இடது கையை லென்ஸ் மேல் வைத்துக் கீழே அழுத்துங்கள். மூச்சைப் பாதி விட்டு, அங்கேயே நிறுத்தி, பொத்தானை மெதுவாக அமுக்குங்கள். லென்ஸில் நடுக்கத்தைச் சமன் செய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அது ஓடட்டும்.

இப்போதைக்குக் காசு இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஹார்ட்வேர் கடையில் 1/4 அங்குல போல்ட் ஒன்று வாங்குங்கள். கேமராவின் அடியில் இருக்கும் துளையில் 5 மி.மீ.-க்கு மேல் போகாத அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும், கையால் திருகினாலே போதும், ஸ்பேனர் கூடாது. போல்ட்டின் தலைக்குக் கீழே கெட்டியான நைலான் கயிற்றைக் கட்டுங்கள். மறுமுனையில் பெரிய வாஷர் ஒன்றைக் கட்டி, அதைச் செருப்புக்கு அடியில் மிதித்துக்கொண்டு, கயிறு விறைக்கிற வரை கேமராவை மேலே இழுத்துப் பிடியுங்கள். ஒரு ஸ்டாப் கட்டாயம் கிடைக்கும். சட்டைப் பையில் அடங்கும். மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு அண்ணா பூங்காவில் பூக்களை எடுக்கப் போகிறவர்கள் இதை வைத்தே எடுத்துப் பாருங்கள். எந்த உயரத்தில் அதிகம் எடுக்கிறீர்கள், எந்தத் தரையில் நிற்கிறீர்கள் என்று அந்தக் கயிறே காட்டிக் கொடுக்கும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

நன்றி. வணக்கம்.