கும்பிட்டபடி ஓட்டும் வண்டி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் திருவொற்றியூர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பழைய பாணியில் வரும் ஸ்போர்ட்ஸ் பைக்கை வாங்குவது ரசனையா, வீம்பா?" இதுதான் தலைப்பு. ரசனையே என்று பேச வந்திருக்கிறேன். பொத்தாம்பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. அதனால் ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. ஐந்து வருடமாக நான் ஓட்டுகிற வண்டி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் முதலில் ஒரு கணக்குப் போட்டார். "648 சிசி இன்ஜின், 47 குதிரைத்திறன். கேடிஎம் டியூக் 390-இல் 399 சிசியிலேயே கிட்டத்தட்ட அதே திறன் வருகிறது, எடையும் நாற்பது கிலோ குறைவு. பிறகு எதற்கு இந்த இரும்பைக் கட்டி இழுக்கிறீர்கள்?" என்றார். கணக்கு சரிதான். ஆனால் பாதிக் கணக்கு. டியூக்கின் டார்க், அதாவது இன்ஜின் சுழற்றும் விசை, 39 நியூட்டன் மீட்டர், இதில் 52. அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 5,250 சுற்று சுற்றும்போதே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஒரு லாரியை முந்த வேண்டுமா? கியரைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரைத் திருகினால் போதும், வண்டி தானாக எழுந்து போகும். வேகம் என்பது கடைசி எண் மட்டும் இல்லை அண்ணா, அந்த எண்ணுக்குப் போகிற விதமும் சேர்ந்ததுதான்.

அடுத்து, "இதெல்லாம் பழைய பேருக்குப் பூசிய புது மேக்கப்" என்றார். இந்த ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லலாமா?

1950-களிலும் 60-களிலும் லண்டனில், நார்த் சர்க்குலர் சாலையில் ஏஸ் கஃபே என்று ஒரு டீக்கடை. லாரி டிரைவர்களும் பைக் பையன்களும் கூடுகிற இடம். கையில் பெரிய காசு இல்லாத பையன்கள். வேலைக்குப் போகிற சாதாரண வண்டியை எடுத்து, தேவையில்லாததைக் கழற்றிப் போட்டு, ஹேண்டில்பாரைக் கீழே இறக்கி, ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால் தள்ளி, மணிக்கு நூறு மைல் தொட வேண்டும் என்று துடித்தார்கள். கஃபே ரேசர் என்ற பேர் அப்படி வந்தது. பையன்கள் வீட்டுக் கொல்லையில் செய்த வேலையை ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையிலேயே செய்து கொடுத்தது. அதுதான் 250 சிசி கான்டினென்டல் ஜிடி. 1964-இல் பிரிட்டனின் வடகோடி ஜான் ஓ குரோட்ஸிலிருந்து தென்மேற்குக் கோடி லேண்ட்ஸ் எண்ட் வரை, ஆள் மாற்றி ஆள் ஓட்டி, 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பிறகு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடிப்போனது. பேர் அணையாமல் எரிந்தது எங்கே? இதே திருவொற்றியூரில். 1955-இல் மெட்ராஸில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவில். இது மேக்கப் இல்லை அண்ணா, பரம்பரைச் சொத்து.

அந்தத் தொழிற்சாலையில் என் அப்பா 32 வருடம் வேலை பார்த்தார். நான் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்று சுற்றிச் சுற்றி வந்தார். "புல்லட்டுல நெஞ்ச நிமித்தி ஒக்காரணும். இதுல என்னம்மா கும்பிட்டுக்கிட்டே போற?" என்றார். பிறகு முட்டியில் கை ஊன்றி மெல்லக் குனிந்து இன்ஜினைப் பார்த்தார். அதன் இலை இலையான ஃபின்களில் ஒற்றை விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டினார். "ரேடியேட்டர் இல்லையா? காத்துலயே ஆறுதா?" முன்னால் இருந்த சின்ன ஆயில் கூலரைக் காட்டினேன். தலையாட்டினார். "ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? பழைய இங்கிலீஷ் ட்வின், அதாவது இரட்டை சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இதில் பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் தண்டான கிராங்க் 270 டிகிரி. ஒன்றுக்குப் பின் ஒன்று முக்கால் சுற்று தள்ளி வருகிறது. அதனால் வெடிப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி, ஒரு பெரிய இடைவெளி. ஒரே உரலில் இரண்டு பேர் நெல் குத்தும்போது ஒருத்தி கொஞ்சம் முந்திக்கொண்டால் ஒரு தாளம் வருமே, அந்தத் தாளம். ஆனால் பழைய வண்டியின் நடுக்கம் இல்லை, பேலன்சர் ஷாஃப்ட் அதைத் தின்றுவிடுகிறது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருக்கிறது. ஆயில் ஒழுகுவதையும் கிக்கர் திருப்பி அடிப்பதையும் பாரம்பரியம் என்று சொல்லித் தூக்கிச் சுமந்தால் அது வீம்பு. இந்த வண்டி எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறது.

இப்போது அண்ணனின் வலுவான கேள்விக்கு வருகிறேன். இந்த மேடையில் இதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது. "இதே இன்ஜினோடு இன்டர்செப்டர் 650 இருக்கிறது. நிமிர்ந்து உட்காரலாம், விலையும் குறைவு. அதை விட்டுவிட்டு முதுகை வளைக்கிற வண்டியை வாங்குவது வீம்பு இல்லாமல் வேறென்ன?"

வலி பொய் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே இதை ஓட்டிப் பாருங்கள். உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து பிடித்துக்கொள்ளும். பின்னால் உட்காருகிறவர் பாடு இன்னும் மோசம். அம்மாவை இதில் ஏற்றுவதில்லை, கோயிலுக்கு ஸ்கூட்டரில்தான் கூட்டிப்போகிறேன். வீட்டில் ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம் என்றால் இதை வாங்காதீர்கள். இதை ரசனை அணியிலிருந்தே சொல்கிறேன்.

ஆனால் அதே உடம்பு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தச்சூர் கூட்டுரோடு தாண்டி கொல்கத்தா நெடுஞ்சாலை. எண்பதைத் தொடும்போது எதிர்க்காற்று நெஞ்சுக்குக் கீழே புகுந்து தாங்குகிறது. மணிக்கட்டிலிருந்த பாரம் காணாமல் போகிறது. முழங்கால் டேங்க்கின் பள்ளத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. உடம்பு முன்னால் சாய்ந்திருப்பதால் முன் டயர் தரையை எப்படிப் பிடிக்கிறது என்று கை விரலுக்குத் தெரிகிறது. வளைவில் நாம் எங்கே பார்க்கிறோமோ அங்கே வண்டி போகிறது. நிமிர்ந்து உட்காருகிற வண்டியில் இந்தப் பேச்சு இத்தனை தெளிவாகக் கேட்காது. ஆக, இன்ஜின் ஒன்றுதான் என்றாலும் அனுபவம் ஒன்றில்லை. வலியும் சுகமும் ஒரே வளைவிலிருந்து வருகின்றன. ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியாது.

டேங்க் 12.5 லிட்டர்தான் என்றார் அண்ணன். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் வைத்தாலும் முந்நூறு வருகிறது. அதற்குள் எனக்கே ஒரு காபி தேவைப்படும். ஸ்போக் சக்கரம், டியூப் டயர், பஞ்சரானால் கஷ்டம் என்றார். உண்மை. 2023-இலிருந்து அலாய் வீலும் டியூப்லெஸ் டயருமாக வரும் ரகமும் இருக்கிறது, விரும்புகிறவர்கள் அதை வாங்கலாம்.

"பார்க்கத்தான் ரேஸ் வண்டி" என்று கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் 2021-இலிருந்து இந்த ஒரே வண்டிக்கென்று கான்டினென்டல் ஜிடி கப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வண்டி. ஜெயிப்பது ஓட்டுகிறவரின் கை.

வீம்பு பிடித்தவன் வலியை ஒத்துக்கொள்ள மாட்டான் நடுவர் அவர்களே. நான் இத்தனை பேர் முன்னால் ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்துதான் தினமும் சாவியை எடுக்கிறேன்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். வண்டி வெளியே தேரடிப் பக்கம் நிற்கிறது. அண்ணா, இந்தாருங்கள் சாவி. ஓட்டக்கூட வேண்டாம். ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு உடனே நகர்ந்துவிடாதீர்கள். ஃபின்கள் ஆறும்போது டிக், டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது அடங்கும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். என் அப்பா அன்று அப்படித்தான் நின்றார்.