வாசலில் கேட்கிற முதற் கேள்வி

வணக்கம் நேயர்களே. என்னை இந்த நிகழ்ச்சிக்கு அழைத்தபோது அறிவிப்பாளர் தம்பி, "அக்கா, இத்தனை வருடம் தாதியாக இருந்திருக்கிறீர்கள், நீரிழிவைப் பற்றிப் பேசுங்களேன்" என்று கேட்டார். நீரிழிவைப் பற்றி நான் என்ன சொல்ல? வீட்டுக்கு ஒரு நிபுணர் இருக்கிறார். நான் பேச வந்தது வேறு விஷயம். கனடாவில், பிரெஞ்சு பெரும்பான்மையாக இருக்கிற கியூபெக் மாகாணத்துக்கு வெளியே வாழ்கிற பிரெஞ்சு மொழிக்காரருக்குத் தங்கள் மொழியில் வைத்தியம் கிடைக்கிறதா என்பதுதான் அது. எங்களுக்கும் அதற்கும் என்ன என்று வானொலியைத் திருப்பக் கை வைத்தவர்கள் ஒரு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1986இல் கியூபெக்கில் இருக்கிற மொன்றியலுக்கு வந்தவள். அங்கே பிரெஞ்சு இல்லாமல் ஒன்றும் நடக்காது. தாதிப் படிப்பைப் பிரெஞ்சிலேயே படித்தேன். பிறகு கணவருக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்து, ஒன்ராறியோவின் கிழக்குப் பக்கம் குடிவந்தோம். நாங்கள் கடந்தது ஒட்டாவா ஆற்றின் மேலே ஒரு பாலம்தான். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊருக்கே சொந்தமாக இருந்த மொழி, இந்தப் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுகிற மொழியாகிவிட்டது. கடையில், வங்கியில், வைத்தியசாலையில், எல்லா இடத்திலும் அப்படித்தான்.

கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் பத்து இலட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் ஒன்ராறியோவில். இவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. கிழக்குக் கரையில் இருக்கிற அக்காடியர்கள் 1600களிலேயே அங்கே குடியேறியவர்கள். 1755இல் பிரித்தானியர் அவர்களைக் கப்பலேற்றி நாடுகடத்தத் தொடங்கினார்கள், அதற்குப் பிறகும் ஒரு பகுதியினர் திரும்பி வந்து வேர்விட்டார்கள். ஒன்ராறியோவில் 1912இல் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சில் படிப்பிப்பதை ஒடுக்க ஒரு விதி கொண்டுவந்தார்கள். பதினேழாம் விதி என்பார்கள். அந்தத் தலைமுறையின் பிள்ளைகளைத்தான் நான் முதியவர்களாக, கட்டிலில் படுத்தபடி சந்தித்தேன். அவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒரு முதியவரின் கதை சொல்கிறேன். வேலை செய்த இடத்தின் பெயர் வேண்டாம். மாசி மாதத்து இரவு, வெளியே பனி கொட்டுகிறது. எழுபத்தெட்டு வயது, பால்பண்ணைக்காரர். மகன் கூட்டிவந்து இறக்கிவிட்டு, மாடு பார்க்கத் திரும்பிப் போய்விட்டான். வாசலில் பதிவு செய்கிறவர் கேட்கிறார், "ஆங்கிலம் பேசுவீர்களா?" மனிதர், "பேசுவேன்" என்கிறார். பொய்யில்லை. அறுபது வருடம் பால் விற்றதும், டிராக்டர் வாங்கியதும், ஹொக்கி ஆட்டத்துக்குச் சண்டை பிடித்ததும் ஆங்கிலத்தில்தான். கோப்பில் மொழி: ஆங்கிலம்.

உள்ளே இளம் வைத்தியர், பெண் பிள்ளை, "என்ன செய்கிறது?" என்று கேட்கிறார். பிரெஞ்சில் "மால் ஓ கேர்" என்று ஒரு சொல்வழக்கு உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இதயத்தில் நோவு. ஆனால் பிரெஞ்சுக்காரர் யாரும் அந்தப் பொருளில் சொல்வதில்லை. அதற்குப் பொருள் குமட்டல். எங்கள் ஊர்ப் பேச்சில் ஓங்காளம், சத்தி வருகிற மாதிரி இருப்பது. இவர் தலைக்குள்ளேயே மொழிபெயர்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "என் இதயம் நோகிறது."

எழுபத்தெட்டு வயது மனிதர் அப்படிச் சொன்னால் எந்த வைத்தியரும் என்ன செய்வார்? நான் அந்தப் பிள்ளையைக் குறை சொல்லவே மாட்டேன், படித்தபடி ஒழுங்காகத்தான் செய்தார். ஈசிஜி எடுத்தார், இரத்தம் எடுத்தார், இதயத்துக்கு என்று அஸ்பிரின் கொடுத்தார். இரவு முழுக்க நெஞ்சில் வயர்களோடு அவர் படுத்திருந்தார். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதால் இன்னும் ஒரு முறை எடுத்தார்கள்.

காலை ஏழு மணிக்கு நான் வேலைக்கு வருகிறேன். குடும்பப் பெயரைப் பார்த்தேன், "போன்ஷூர் மொன்சியர், இரவு எப்படிப் போனது?" என்று பிரெஞ்சில் கேட்டேன். மனிதர் எழும்பி உட்கார்ந்தார். அவ்வளவு நேரமும் ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர் கால்மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். இதயம் இல்லையாம், ஓங்காளமாம், மூன்று கிழமையாக. முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கிய குளிசையை ஒரு மாதமாக விழுங்குகிறாராம், வெறும் வயிற்றில். பிறகு குரலைத் தாழ்த்தி, வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாக இருக்கிறது என்றார்.

வைத்தியம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த வகை நோக்குளிசை வயிற்றைப் புண்ணாக்கும், புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும். அந்த நிலையில் இருப்பவருக்கு அஸ்பிரின் கொடுப்பது கசிகிற குழாயை இன்னும் திறந்துவிடுகிற வேலை. ஓடிப்போய் வைத்தியரிடம் சொன்னேன். குழாய்விட்டுப் பார்த்தார்கள், புண் இருந்தது, இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவரிடம் கேட்டேன், இரவே ஏன் சொல்லவில்லை என்று. மலத்துக்கு ஆங்கிலத்தில் தனக்குத் தெரிந்தது மாட்டுத்தொழுவத்துச் சொல் ஒன்றுதானாம். அதை அந்த இளம் பிள்ளையின் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாமே என்றேன். "எல்லோரும் ஓடித்திரிந்தார்கள், நான் ஏன் கரைச்சல் கொடுப்பான்?" என்றார்.

நேயர்களே, இதற்காகத்தான் இந்தக் கதையை இவ்வளவு நீட்டினேன். வாசலில் கேட்ட கேள்வி பிழை. "ஆங்கிலம் பேசுவீர்களா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். "எந்த மொழியில் பேசினால் உங்களுக்கு வசதி?" என்று கேட்டிருந்தால் அவருக்கு அஸ்பிரின் போயிருக்காது. முதல் கேள்வி வைத்தியசாலையின் வசதிக்குக் கேட்பது. இரண்டாவது நோயாளியின் வசதிக்குக் கேட்பது.

உங்களுக்கு இது புதிதில்லை. "நாரி உளைகிறது" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முதுகு வலி என்று சொல்லிவிட்டு வருவீர்கள். நாரியும் போய்விட்டது, உளைவும் போய்விட்டது. குத்துகிறதா, உளைகிறதா, எரிகிறதா, விறைக்கிறதா என்பதை வைத்துத்தான் வைத்தியர் பாதியைக் கண்டுபிடிக்கிறார். அந்தப் பாதியை நாங்கள் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறோம். இன்னொன்று, பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போவது. தாயின் மாதவிடாய்ச் சிக்கலை மகன் மொழிபெயர்க்கிற அறையில் நான் நின்றிருக்கிறேன். பிள்ளை சுவரைப் பார்க்கிறான், தாய் நிலத்தைப் பார்க்கிறாள், பாதிக் கதை இருவருக்கும் நடுவிலே காணாமற் போகிறது. பிரெஞ்சுக் குடும்பங்களிலும் இதே கதைதான், அங்கே பேரப்பிள்ளைகள்.

நாங்கள் வேலைசெய்கிற உலகத்தில் இதற்கு "ஓஃப்ர் அக்தீவ்" என்று ஒரு பெயர் இருக்கிறது. கேட்க விடாமல் முந்திக்கொண்டு கொடுப்பது. வீட்டுக்கு வந்தவரிடம் "தேத்தண்ணி குடிப்பீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார்; ஊற்றிக் கொண்டுவந்து வைத்தால் குடிப்பார். இதுதான். "ஹலோ, போன்ஷூர்" என்று சட்டையில் ஒரு வில்லை குத்தியிருந்தாலே போதும், நோயாளி தானாகப் பிரெஞ்சுக்கு மாறுவார். முதுமை மறதி வந்தவர்களிடம் இது இன்னும் முக்கியம். பின்னால் படித்த ஆங்கிலம் முதலில் உதிர்ந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சி நிற்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள். கேட்க வேண்டியது நாங்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். கனடாவில் 1969இல் இருந்து ஆங்கிலமும் பிரெஞ்சும் அரசகரும மொழிகள். ஆனால் வைத்தியசாலைகள் மாகாணங்களின் கையில். ஒன்ராறியோவில் பிரெஞ்சு மொழிச் சேவைகள் சட்டம் 1986இல் வந்தது. அதன் கீழ்ப் பெயர் குறித்த வைத்தியசாலைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அப்படிக் குறிக்கப்பட்டதில் ஒன்றுதான் ஒட்டாவாவில் இருக்கிற மொன்ஃபோர். 1953இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கியது. தாதிகள் தங்களுக்குள் பேசுவதும், கோப்பு எழுதுவதும், வைத்திய மாணவர்கள் பழகுவதும் பிரெஞ்சில்.

1997 பெப்ரவரி 24. மாகாண அரசு அமைத்த மறுசீரமைப்பு ஆணைக்குழு மொன்ஃபோரை மூடச் சொன்னது. செலவைக் குறைக்க வேண்டுமாம், மற்ற வைத்தியசாலைகள் இரண்டு மொழியிலும் பார்த்துக்கொள்ளுமாம். இரண்டு மொழி என்றால் என்ன நடக்கும் என்று உள்ளே வேலைசெய்தவர்களுக்குத் தெரியும். பத்துப் பேர் கூடுகிற இடத்தில் ஒருவருக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டால் பத்துப் பேரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். மரியாதைக்காக மாறுவார்கள்.

வானியே நகரத்தின் முன்னாள் மேயர் ஜிசேல் லலோந்த் என்கிற அம்மா முன்னால் வந்தார். மார்ச் 22ஆம் திகதி ஒட்டாவாவில் ஹொக்கி ஆடுகிற பெரிய அரங்கில் கூட்டம். நானும் போயிருந்தேன், இரண்டு சக தாதிகளோடு. பத்தாயிரம் பேர். பச்சையும் வெள்ளையுமாக ஒன்ராறியோப் பிரெஞ்சுக்காரரின் கொடி, பார்க்கிற பக்கமெல்லாம். "மொன்ஃபோர் ஃபெர்மே? ஷாமே!" என்று கத்தினார்கள். மொன்ஃபோரை மூடுவதா, ஒருக்காலும் இல்லை. கூச்சலிட்டுப் பழக்கமில்லாத மனிதர்கள். என் பக்கத்தில் நின்ற கிழவி முதல் தடவை மெதுவாகச் சொன்னாள், நான்காம் தடவை என் காது அடைத்துவிட்டது. வைத்தியசாலையில் ஒரு குவளை தண்ணீர் கேட்கவும் கூச்சப்படுகிறவர்கள் அவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூடுவதை விட்டு, பிரிவுகளைக் குறைக்கிறோம் என்று ஆணைக்குழு இறங்கி வந்தது. இவர்கள் அதையும் ஏற்கவில்லை, வழக்குப் போட்டார்கள். 1999இல் கீழ் நீதிமன்றம், 2001 டிசம்பர் 7இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம், இரண்டும் மொன்ஃபோர் பக்கம். வைத்தியசாலைக்குப் பிரெஞ்சு வேண்டும் என்று அரசியலமைப்பில் ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் சிறுபான்மையைக் காப்பது எழுதப்படாத அடிப்படைக் கொள்கை, அதைக் கணக்கில் எடுக்காமல் ஆணைக்குழு முடிவெடுத்தது செல்லாது என்றார்கள் நீதிபதிகள். அடுத்த தலைமுறைப் பிரெஞ்சு வைத்தியர்கள் பழகுகிற இடம் என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். மாகாண அரசு கனடாவின் உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் விட்டுவிட்டது. லலோந்த் அம்மா 2022இல் காலமானார். மொன்ஃபோர் இருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். இரண்டு நிமிடமா? மற்ற மாகாணங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். வின்னிபெக்கில் செயின்ட் போனிஃபாஸ் வைத்தியசாலை, 1871இல் கன்னியாஸ்திரிகள் நான்கு கட்டிலோடு தொடங்கியது. இன்று பெரியது, ஆனால் பிரெஞ்சு அங்கே ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. அதிலே எனக்கு மனவருத்தம். நியூ பிரன்சுவிக் நிலைமை மேல், அது சட்டப்படி இருமொழி மாகாணம். அங்கே மொங்டனில் 2006இல் இருந்து பிரெஞ்சிலேயே வைத்தியம் படிக்கலாம், ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் கிளை. படித்த பிள்ளைகள் ஊரிலேயே தங்குகிறார்களா என்பதுதான் முக்கியமான கதை, அதைத்தான் நான்...

சரி, தம்பி இப்போது ஒரு விரல்தான் காட்டுகிறார். ஒன்று மட்டும். அடுத்த கிழமை வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், பதிவு செய்கிற இடத்தில் உங்கள் கோப்பில் என்ன மொழி எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பிழையாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும், அன்று காலை சொன்னால் கிடைப்பது கடினம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.