கில்மன் தெருவில் ஒரு கதவு

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் உங்கள் வயதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கலிபோர்னியாவில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. அங்கே ராக் குழுக்கள் வாசிக்கிற சின்ன இடங்களில் பெரும்பாலானவை பார்கள். பீர் விற்றால்தான் வாடகை கட்ட முடியும். ஆக, 15 வயதுப் பெண்ணுக்கு வாசலிலேயே வழி மறித்துவிடுவார்கள். ஆனால் கிதாரைத் தூக்கிக்கொண்டு அலைகிற வயதே அதுதானே!

இதற்கு ஒரு மாற்று வேண்டும் என்று பெர்க்லி நகரத்தில் சிலர் கிளம்பினார்கள். ராக் இசையின் முரட்டுத்தனமான வேக வடிவமான பங்க் இசைக்காகப் பத்திரிகை நடத்திவந்த டிம் யோஹானன் அவர்களில் முக்கியமானவர். இடம், கில்மன் தெரு 924. பக்கத்திலேயே பிரம்பு நாற்காலி பின்னுவதற்கான பொருட்கள் விற்கிற கடை. நகராட்சி அனுமதிக்கு அலைந்து, கட்டட வேலையைத் தாங்களே இழுத்துப்போட்டுச் செய்து, 1986 டிசம்பர் 31 அன்று முதல் நிகழ்ச்சியை நடத்தினார்கள்.

மது கூடாது, போதைப்பொருள் கூடாது, அடிதடி கூடாது, இனவெறி கூடாது, பெண்களை இழிவுபடுத்தக் கூடாது. விதிகள் சுவரிலேயே பெரிதாக எழுதப்பட்டிருக்கும். மது கூடாது என்றதும் ஏதோ ஒழுக்கப் பிரசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பீர் இல்லாவிட்டால் வயது கேட்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். 14 வயதுப் பையனும் 40 வயதுக்காரரும் ஒரே மேடைக்கு முன்னால் நிற்கலாம்.

சரி, பீர் வருமானம் போனால் செலவுக்கு என்ன வழி? வாசலில் வாங்குகிற நுழைவுக் கட்டணம், அப்புறம் உறுப்பினர் அட்டை. தொடக்கத்தில் அந்த அட்டை ஆண்டுக்கு 2 டாலர். வாசலில் நிற்பது, ஒலியமைப்பைப் பார்ப்பது, முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது எல்லாம் தொண்டர்கள். மாதம் இருமுறை கூட்டம் உண்டு. உறுப்பினர் யாரும் போய்ப் பேசலாம், வாக்களிக்கலாம். எனக்கு இந்த இடத்தில் இசையைவிடப் பிடித்தது இதுதான். பள்ளியில் கைதூக்கிப் பேசவே தயங்குகிற ஒரு பிள்ளை, இங்கே அடுத்த மாதம் எந்தக் குழு வாசிக்கலாம் என்று வாதாடலாம்.

1988-இல் பெரிய சோதனை வந்தது. யோஹானன் தரப்பு இனி நடத்த முடியாது என்று விலகியது, கதவு மூடப்பட்டது. தொண்டர்கள் விடவில்லை. கொஞ்ச நாளிலேயே பொறுப்பைக் கையில் எடுத்துத் திரும்பத் திறந்தார்கள். தொடங்கியவர் போன பிறகும் இடம் நின்றது என்றால், அதைத் தூக்கி நிறுத்தியது வாசலில் நின்ற, தரை பெருக்கிய அந்தக் கைகள்தான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1994 மே மாதம் ஜெல்லோ பியாஃப்ரா என்ற பாடகரை அங்கேயே அடித்துக் காலை உடைத்தார்கள். சுவரில் எழுதிய விதி அன்று அவரைக் காக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இன்னொரு விதியும் உண்டு. பெரிய இசை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட குழுவுக்கு மேடை கிடையாது. இங்கேயே வளர்ந்த கிரீன் டே என்ற பங்க் குழு 1993-இல் அப்படி ஒப்பந்தம் போட்டது. உலகமே அவர்களைக் கொண்டாடியபோதும் இந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. கடுமைதான். ஆனாலும் நான் அந்த விதியின் பக்கம். பேர்பெற்ற குழு வந்தால் கூட்டம் அலைமோதும், முதல்முறை மேடையேறுகிற பிள்ளைகளுக்கு நாள் கிடைக்காது.

ஆனால் 2015 மே மாதம் ஒரு விதிவிலக்காகக் கிரீன் டே அங்கே திரும்ப வாசித்தது. தீ விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்டுவதற்காக.

நான் இவ்வளவு நேரம் பேசிவிட்டேன். இனி நீங்கள் கேளுங்கள். முன்வரிசையிலிருந்தே தொடங்கலாம்.