கச்சா எண்ணெய் விலை தாராவி காயலான் கடைக்கு எப்படி வருகிறது?

[திரையில்: தாராவி 13ஆம் காம்பவுண்ட், தகரக் கூரைகள், மேலே காயும் பிளாஸ்டிக் துண்டுகள்]

வணக்கம். மும்பையில் உலகமயமாக்கலைக் காட்டச் சொன்னால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடங்களைத்தான் காட்டுவார்கள். மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி. உலகச் சந்தையில் அடி விழுந்தால் வலி முதலில் தெரிவது இங்கேதான் என்பேன்.

ஊர் முழுக்கப் பொறுக்கிய பிளாஸ்டிக் மூட்டை மூட்டையாக தாராவியின் மறுசுழற்சிப் பட்டறைகள் இருக்கும் 13ஆம் காம்பவுண்டுக்கு வருகிறது. முதல் வேலை தரம் பிரிப்பது. பக்கெட் ஒரு ரகம், ஷாம்பு பாட்டில் வேறு ரகம். சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். வாசனையை வைத்தே ரகத்தைச் சொல்லிவிடுவார்கள். நல்லதில்லைதான், ஆனால் இவர்களுக்கு லேப் யார் வைத்துக் கொடுப்பார்கள்? அப்புறம் அரைத்து, கழுவி, காயவைத்து, உருக்கி, நூலாக இழுத்து நறுக்கினால் அரிசிக் குருணை மாதிரி மணிகள். இங்கே அதற்கு 'தாணா' என்று பெயர். கம்பெனிகள் வாங்குவது இதைத்தான்.

[திரையில்: எண்ணெய் விலைக் கோடு, 2008]

சரி, இதில் உலகம் எங்கே வந்தது? புது பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. எண்ணெய் மலிந்தால் புதுச் சரக்கும் மலியும். புதுசே சல்லிசாகக் கிடைக்கும்போது தாணாவை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

2008 ஜூலையில் ஒரு பீப்பாய் எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவால், உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டது. டிசம்பரில் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே. இந்த மாதிரி சரிவில் பெரிய கம்பெனிகள் முன்பேர வணிகத்தில், அதாவது விலையை முன்கூட்டியே பேசி வைத்து, நஷ்டத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம். தாராவி பட்டறைக்காரருக்கு இருப்பது ஒரே வழி: வாசலில் கிலோ ரேட்டைக் குறைப்பது. அவர் குறைத்தால் காயலான் கடைக்காரர் குறைப்பார். கடைசியில் சாக்கைத் தூக்கி வரும் பெண்ணுக்கு, அதே எடைக்குக் குறைந்த காசு. லேமன் என்ற பெயரையே அவர் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1977இல் இந்தியாவை விட்டுப் போன கோகோ கோலா, 1991 தாராளமயத்துக்குப் பிறகு 1993இல் திரும்பி வந்தது. பாட்டிலும் உறையும் பெருகின. பொறுக்கச் சரக்கு கூடியது, பலருக்குப் பிழைப்பும் கிடைத்தது. ஆனால் பல அடுக்கு ஷாம்பு பாக்கெட்டைப் பொறுக்கினால் காசு தேறாது, அது சாக்கடையில்தான் கிடக்கும்.

[திரையில்: துறைமுகத்தில் கன்டெய்னர்கள்]

2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவைச் சாத்தியது. பணக்கார நாடுகளின் குப்பை மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தியா என்று திரும்பியது. உள்ளூர்ச் சரக்குக்குப் போட்டியாக வெளிநாட்டுக் குப்பை! 2019இல் இந்தியாவும் தடை போட்டது.

இப்போது ஒரு புது விதி. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் 2022 திருத்தத்தின்படி கம்பெனிகள் தங்கள் பிளாஸ்டிக் உறையில் ஒரு பங்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கைச் சேர்த்தாக வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு 2025-26இல் 30 சதவீதம் என்று தொடங்கி ஏறும். எண்ணெய் விழுந்தாலும் தாணாவுக்குத் தேவை இருக்கும் என்பது கணக்கு. ஆனால் பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழைத் தர முடிவதோ, பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களால் மட்டும். வாடகைத் தகரக் கொட்டகையில் ஒரே மெஷினோடு ஓடும் பட்டறை அந்தப் பட்டியலில் ஏறுவது லேசில்லை.