கோபத்துக்கு ஐந்து மடங்கு மார்க்

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் மைக்கைப் பிடிப்பதற்குள் தண்ணீர் பாட்டிலைத் தேடும் எதிரணி நண்பர்களே, கொசுக்கடியைப் பொருட்படுத்தாமல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் கடலூர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

'ஊடக வெளிச்சம் இன்று அதிகம் விழுவது கூச்சல் போடுபவர் மீதா, கடமையைச் செய்பவர் மீதா?' இதுதான் தலைப்பு. கூச்சல் போடுபவர் மீதே என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் மெதுவாகத்தான் பேசுவேன். இந்தத் தலைப்பில் நான் கத்தினால் நடுவர் எதிரணிக்குத் தீர்ப்பு எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அம்மா அழகாக மூன்று கேள்வி கேட்டார்கள். ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற பாட்டியை உலகத்துக்குக் காட்டியது ஊடகம்தானே என்றார்கள். மக்கள் எதைப் பார்க்கிறார்களோ அதைத்தானே சேனல் காட்டும் என்றார்கள். கடைசியாக, அழுத பிள்ளைக்குத்தானே பால், அதில் என்ன குற்றம் என்றார்கள். கைத்தட்டலும் வாங்கினார்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சு, தப்பான பக்கம்.

முதலில் இட்லி. கோவைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி. 2019-ல் வீடியோ பரவியதும் நாடே அவரைக் கொண்டாடியது, உண்மை. அதற்கு முன் எத்தனையோ வருஷம் அதே அடுப்பு, அதே பாட்டி. அப்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சரி, அதைக்கூட விடுங்கள். நம் திருப்பாதிரிப்புலியூரில் பத்து ரூபாய்க்கு இட்லி விற்கிற ஒரு கடை. நேற்றைய சாம்பாரைச் சூடு பண்ணி ஊற்றுவதில்லை. சட்னியில் கலப்படம் இல்லை. வேலை செய்யும் பையனுக்குச் சம்பளம் தேதி தவறுவதில்லை. இந்தக் கடைக்காரர் எந்தச் சேனலில் வருவார்? வர மாட்டார். ஏனென்றால் அவர் அதிசயம் இல்லை. அடிதடியில் எல்லையைத் தாண்டியவன் செய்தி ஆவதுபோல, தியாகத்திலும் எல்லையைத் தாண்டினால்தான் செய்தி. நியாயமான விலைக்கு நல்ல இட்லி என்பது இங்கே செய்தியே இல்லை. நடுவர் அவர்களே, அம்மா சொன்ன உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி. குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த முந்திரி விவசாயி ஒருவர், பண்ருட்டிப் பக்கம். விஷயம் தெரிந்தவர், நிதானமாகப் பேசுவார். ஒருநாள் மாலை நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சேனலில் இருந்து போன். இரவு விவாதத்துக்கு ஆள் தேவையாம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுப்பது பற்றி. ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன். "ஐயா, நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" இவர் சொன்னார்: "தம்பி, கரண்டு வேணும், அதுவும் நம்ம ஊர்லயிருந்துதான் போகுது. ஆனா வேலை தர்றேன்னு சொன்ன பேச்சையும் நிலத்தோட விலையையும் தனித்தனியாப் பார்க்கணும். எடுத்த நிலத்துல எவ்வளவு சும்மா கிடக்குதுன்னும் கேக்கணும்." போனில் இரண்டு நொடி அமைதி. அப்புறம் அந்தப் பையன் பணிவாகச் சொன்னான்: "சரிங்க ஐயா, இன்னொரு நாள் கூப்பிடுறோம்." அந்த இன்னொரு நாள் இன்றுவரை வரவில்லை.

அன்றிரவு அதே விவாதத்தைப் பார்த்தேன். ஆறு ஜன்னல், ஆறு முகம், ஒரே நேரத்தில் ஆறு வாய். நிலம் எடுக்க வேண்டும் என்றவருக்கு அந்த ஊரின் பெயர் சரியாக வாயில் வரவில்லை. எடுக்கக் கூடாது என்றவருக்கு எத்தனை ஏக்கர் என்று தெரியவில்லை. இரண்டும் தெரிந்த மனிதர் திண்ணையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

பட்டிமன்றத்திலும் இரண்டு பக்கம்தானே என்று எதிரணித் தம்பி முணுமுணுக்கிறார். ஆமாம் தம்பி. ஆனால் இங்கே ஒருவர் பேசி முடித்த பிறகுதான் அடுத்தவர் பேசுகிறார். மணி அடித்தால் உட்கார வேண்டும். நடுவர் கட்சி சேர மாட்டார். அங்கே நெறியாளரே ஏழாவது வாய். 2022 செப்டம்பரில் வெறுப்புப் பேச்சு வழக்கில் உச்ச நீதிமன்றமே தொலைக்காட்சி விவாதங்களைக் கண்டித்தபோது, நெறியாளரின் பொறுப்பைத்தான் முக்கியமாகச் சுட்டிக்காட்டியது.

இப்போது இரண்டாவது கேள்வி. மக்கள் கேட்பதைக் காட்டுகிறார்கள் என்பது. இதுதான் இவர்களுடைய பெரிய வாதம், இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் டிவி இருக்கிற வீடு 20 கோடிக்கு மேல். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கிற பார்க் அமைப்பின் கருவி, 2020 வாக்கில் இருந்தது ஏறக்குறைய 44 ஆயிரம் வீடுகளில். மாதிரி எடுத்து அளப்பது தப்பில்லை, ஒரு பருக்கை பதம்தான். ஆனால் அந்த வருஷம் அக்டோபரில், கருவி வைத்த வீடுகளுக்கே, குறிப்பிட்ட சேனலைப் போட்டுவைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தார்கள் என்று மும்பைப் போலீஸ் வழக்குப் போட்டது. உடனே செய்திச் சேனல்களுக்கான வாராந்திர டிஆர்பி மார்க் நிறுத்தப்பட்டது. மறுபடி வந்தது 2022 மார்ச்சில். நடுவில் ஏறக்குறைய ஒன்றரை வருஷம். அந்தக் காலத்தில் எந்தச் செய்திச் சேனலுக்கும் மார்க் கிடையாது. மக்கள் கேட்பதைத்தான் காட்டுகிறோம் என்றால், மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று சொல்லும் அந்தக் கருவி கையில் இல்லாத அந்த ஒன்றரை வருஷத்தில் கூச்சல் குறைந்ததா? நீங்களும்தானே பார்த்தீர்கள். எனக்குத் தெரிந்து, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் மாறவே இல்லை. மார்க் இல்லாதபோதும் அதே பாட்டுத்தான் என்றால், அது மக்கள் கேட்ட பாட்டு இல்லை, அவர்களுக்குப் பழகிப்போன பாட்டு.

டிவியை விடுங்கள், போன் நம் விருப்பம்தானே என்பார்கள். அதையும் பார்ப்போம். ஃபேஸ்புக் 2017-ல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு பதிவுக்கு லைக் போட்டால் ஒரு மார்க். இதயம், சிரிப்பு, கோபமுகம் இவற்றில் எதைப் போட்டாலும் ஐந்து மார்க். அதிக மார்க் வாங்கிய பதிவு அதிகம் பேர் கண்ணில் படும். ஆக, பக்கத்து வீட்டு ஆசிரியை தன் பள்ளியில் நூறு சதவீதம் தேர்ச்சி என்று போட்டால் நாம் லைக் போடுகிறோம், ஒரு மார்க். எவனோ ஒருவன் சாதியைத் திட்டிப் போட்டால் அதைக் கண்டித்து நல்லவர்கள்தான் கோபமுகம் போடுகிறார்கள். கண்டித்துப் போட்டதற்கு அவனுக்கு ஐந்து மார்க்! நாம் அடித்த அடி அவனுக்கு மாலையாக விழுந்திருக்கிறது. 2021-ல் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியானபோதுதான் இது ஊருக்குத் தெரிந்தது. 2020-லேயே கோபமுகத்துக்கு மார்க் பூஜ்யம் என்று அவர்களே மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதும் பொய்ச் செய்தியும் அருவருப்பான பதிவும் குறைந்தன. பயன்படுத்துவதை மக்கள் குறைத்தார்களா என்றால், இல்லை. அதையும் அவர்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். பேராசிரியர் அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். கூச்சலைக் குறைத்தால் மக்கள் போய்விடுவார்களா? போகவில்லையே!

இன்னொன்று, 2018-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள், ட்விட்டரில் பரவிய ஒன்றே கால் லட்சம் செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். இயந்திரம் பரப்பியதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் கணக்கு மாறவில்லை. ஆகவே நம் மேல் குற்றமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தொட்டிலை ஆட்டிவிட்டுப் பிள்ளையையும் கிள்ளுகிறவரைத்தான் கேட்கிறேன்.

பிள்ளை என்றதும் மூன்றாவது கேள்வி வந்துவிட்டது. அழுத பிள்ளைக்குத்தான் பால். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, நடுவர் அவர்களே.

திங்கட்கிழமை காலையில் நம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ் நின்று பையைச் சோதிக்கிறார்கள். ஒரு பாட்டியின் மஞ்சள் பையில் இருக்கிற தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்கிறார்கள். மண்ணெண்ணெயா என்று. அந்தப் பாட்டி ஒன்றும் சொல்வதில்லை, மூடியை வாங்கி மறுபடி திருகிக்கொள்கிறார். பழகிவிட்டது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. பலமுறை மனுக் கொடுத்த குடும்பம் அது. மனுவோடு வரிசையில் நின்ற நாட்களில் அவர்களை எந்தக் கேமரா பார்த்தது? அந்த ஒரு நாள் நாடே பார்த்தது.

அதற்குப் பிறகு மனு வாங்கும் முறை ஊருக்கு ஊர் எவ்வளவு மாறியதோ தெரியவில்லை, பையைச் சோதிக்கிற முறை மட்டும் நன்றாக வந்துவிட்டது. அழுத பிள்ளைக்குப் பால் என்று நீங்கள் சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் அம்மா. எவ்வளவு அழ வேண்டும் என்று ஏழைக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? மனுக் கொடுத்தால் ரசீது, மறியல் செய்தால் தாசில்தார், அதையும் தாண்டினால் கேமரா. காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காருகிற நம் பெண்கள் கூச்சல்காரர்களா? தெருக்குழாயில் பொறுமையாக வரிசையில் நின்றவர்கள். பொறுமைக்கு மரியாதை இல்லை என்று புரிந்த பிறகு உட்கார்ந்தவர்கள். கூச்சலுக்கு மட்டும் வெளிச்சம் போட்டால் நல்லவர் இருட்டில் இருப்பார் என்பதோடு போவதில்லை. நல்லவரும் கத்தக் கற்றுக்கொள்கிறார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை நம் வாசலுக்கு வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு நாணமேட்டுப் பக்கம் போகும் வழியில் கரண்டு இல்லை என்று மறியல். ஒரு செய்தியாளர் பைட், அதாவது கேமராவில் சின்னப் பேட்டி, எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவுக்கு முன்னால் கோபம். கேமராவுக்குப் பின்னால், இருபதடி தள்ளி, மின்கம்பத்தின் உச்சியில் ஒரு லைன்மேன். வெளியூர்க்காரர். இடுப்பில் கயிறு, வாயில் ஒரு கம்பித்துண்டு. கீழே நின்றவர் கயிற்றில் கட்டி அனுப்பிய கட்டிங் பிளேயரை எடுக்கும்போது கை நடுங்கியது. சாப்பிட்டிருக்க மாட்டார். கேமராவை அப்படியே திருப்பினால் போதும். திருப்பவில்லை. அந்தச் செய்தியாளரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டேன், "எடுத்து அனுப்பினாலும் டெஸ்க்கில் போட மாட்டாங்க சார்" என்றார். சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லாமல் மழையில் நிற்கிற அவரும் என் கட்சிதான்.

வடலூரில் வள்ளலார் 1867-ல் தருமச்சாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை, தினமும் சோறு. தைப்பூச ஜோதி அன்று எல்லாச் சேனலும் வரும். சத்திய ஞான சபையைச் சுற்றியுள்ள பெருவெளியில் கட்டடம் கட்டும் தகராறு வந்தபோதும் வந்தன. மற்ற நாளில் சோறு மட்டும் வரும்.

ஊடகமே வேண்டாம் என்கிறீர்களா என்று எதிரணித் தலைவர் அண்ணன் கேட்பார், எனக்குத் தெரியும். அதற்கும் சொல்லிவிடுகிறேன். நமக்குப் பக்கத்தில், புதுச்சேரி நல்லவாடு மீனவர் கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அந்தப் பக்கக் கிராமங்களில் அறிவு மையங்கள் நடத்தியது. நல்லவாட்டில் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள், இன்று அலை எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, தமிழில். அதில் சண்டையில்லை, பரபரப்பில்லை. ஒலிபெருக்கி என்பதால் சத்தம் மட்டும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் அங்கே டிவியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டான். ஓடிப்போய் மையத்தின் கதவை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் ஓடுங்கள் என்றார்கள். சுமார் 3,600 பேர் உள்ள ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. படகும் வீடும் போயின. அந்தக் குரல் சொன்னதும் ஏன் ஓடினார்கள்? தினமும் பொய் சொல்லாத குரல் அது. டிவிக்கும் அதில் பங்குண்டு, தாராளமாக ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மையத்தின் கதைக்குப் பெரிய வெளிச்சம் விழுந்தது சுனாமிக்குப் பிறகுதான். அதுவரை அலை எத்தனை அடி என்று தினமும் வாசித்தவர்களிடம் யார் பைட் எடுத்தார்கள்?

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர் அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டுப் போகிறேன். நேற்றிரவு 9 மணி விவாதத்தில் கத்தியவர்களில் மூன்று பேர் பெயரை நீங்கள் யோசிக்காமல் சொல்வீர்கள். உங்கள் தெருவுக்குப் புயலுக்குப் பிறகு கரண்டு கொடுத்த லைன்மேன் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள் அண்ணே. நன்றி, வணக்கம்.