உடம்பு சரியில்லாதவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள்?

வணக்கம் நேயர்களே.

வீட்டிலும் வெளியூரிலும் மனசுக்கு இதமாக இருக்கிற சைவச் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதுமே எனக்கு ஒரு மழை நாள் ஞாபகம் வந்துவிட்டது. இராத்திரி பத்தரை மணி இருக்கும். கும்பகோணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்குள் நுழைகிறேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு நேரே அடுப்பங்கரைக்குப் போனாள். நான் தலை துவட்டி வருவதற்குள் தட்டில் குழைந்த சோறு, அதன்மேல் ரசம், ஒரு கரண்டி நெய், ஓரத்தில் சுட்ட அப்பளம். முதல் கவளம் உள்ளே போனதும் அன்றைய அலைச்சல் முழுக்கத் தோளிலிருந்து இறங்கியது.

நான் ஒரு வங்கியின் தணிக்கைப் பிரிவில் 22 வருஷம் வேலை பார்த்தேன். மாதத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாகத்தான் இருப்பேன். அதனால் வீட்டுச் சாப்பாட்டின் அருமையும் தெரியும், அது இல்லாத ஊரில் தவிக்கிற தவிப்பும் தெரியும்.

அந்த ரசத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அம்மா ஈயச் சொம்பில்தான் ரசம் வைப்பாள். புளியை நீர்க்கக் கரைத்து, தக்காளியைக் கையாலேயே பிசைந்து விட்டு, உப்பு, மஞ்சள்பொடி, பெருங்காயம் சேர்த்து, புளியின் பச்சை வாசனை போகிற வரைக்கும் கொதிக்க விடுவாள். அப்புறம் மிளகு சீரகத்தை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, வெந்த துவரம்பருப்பைக் கரைத்த தண்ணீரை விட்டு விளாவுவாள். விளாவின பிறகு ரசம் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி, நடுவை நோக்கி மெல்லக் கூடி, மேலே எழும்பி வரும். அந்த நேரம் இறக்கிவிட வேண்டும். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் மிளகின் வாசனை போய் வெறும் புளித்தண்ணீர் ஆகிவிடும். நெய்யில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டியதும் சட்டென்று மூடிவிட வேண்டும். வாசனை முழுக்க அந்த மூடிக்குள்ளேதான் இருக்கிறது.

ஈயச் சொம்பு என்றால் வெள்ளீயம். 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு அந்த அளவுக்கு ஏறாது, சொம்புக்கு ஒன்றும் ஆகாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் போச்சு. என் அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் அப்படி வைத்துவிட்டுப் புளி எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் அடி உருகி, பாதரசம் போல அடுப்புமேல் ஓடிவிட்டது. பாவம், அழுதே விட்டாள். அம்மா சொன்னாள், “சொம்பு போனா போகுதும்மா, உன் கையில ஒண்ணும் படலியே?” அன்றைக்கு எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்தோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஈயச் சொம்பு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று நம்பகமான கடையில் விசாரித்து வாங்குங்கள். காரீயம் உடம்புக்கு விஷம்.

எங்கள் வீட்டில் ரசம் என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் அதே இடத்தில் அரிசியும் பருப்புஞ் சாதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே பாத்திரத்தில் வெந்து, ஆவி பறக்க, மேலே நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு. குமரி மாவட்டத்தில் கஞ்சியும் காணத் துவையலும்; காணம் என்றால் கொள்ளு. இன்னும் எத்தனையோ வீடுகளில் பழைய சோறும் சின்ன வெங்காயமும். எல்லாமே கொஞ்சம் பொருளில், சீக்கிரமாக, நன்றாக வெந்து இறங்குகிறவை. களைத்தவன் மென்று போராட வேண்டியது எதுவும் இவற்றில் கிடையாது.

சரி, பயணத்துக்கு வருவோம். பழந்தமிழில் ‘ஆற்றுணா’ என்று அழகான ஒரு சொல் உண்டு. ஆறு என்றால் வழி. வழியில் உண்கிற உணவு ஆற்றுணா. நாம் அதைத்தான் கட்டுச்சோறு என்கிறோம்.

கட்டுச்சோற்றில் என் ஓட்டு என்றைக்கும் தயிர்சாதத்துக்குத்தான். ஆனால் அதை ஊருக்குக் கட்டுகிற விதம் வேறு. வீட்டில் செய்கிற மாதிரி தயிரை விட்டுப் பிசைந்து எடுத்துப் போனால் மத்தியானத்துக்குள் புளித்துப் பல் கூசும். அம்மா விடிகாலை ஐந்து மணிக்குச் சோற்றைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே கரண்டியால் மசித்துவிடுவாள். அதில் காய்ச்சின பாலை விடுவாள். சோறு இழுக்க இழுக்க இன்னும் விடுவாள், கிட்டத்தட்டப் பாயசம் மாதிரி தளர்ந்து போகும்வரை. கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர். உப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கடுகு தாளிதம். அவ்வளவுதான். இனி வேலை எல்லாம் டப்பாவுக்குள். ரயில் ஓட ஓடப் பால் உறையும். ரயில் விழுப்புரம் தாண்டி மத்தியானம் டப்பாவைத் திறந்தால், அப்போதுதான் உறைந்த தயிரின் இனிப்போடு சாதம் கெட்டியாக நிற்கும். கூட ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். இதற்கு ஈடாக நான் எந்த ஓட்டலிலும் சாப்பிட்டதில்லை.

இரண்டாம் நாளுக்குப் புளியோதரை. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிற வரைக்கும் சுண்ட விட வேண்டும். தண்ணீர் போய்விட்டால் கெடுவதற்கு வழி குறைந்துவிடுகிறது. மிச்சத்தைப் புளியும் எண்ணெயும் பார்த்துக்கொள்ளும். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி முழுக்க ஆற வைத்த பிறகுதான் பிசைய வேண்டும். அவசரத்தில் சூடாகக் கட்டினால் உள்ளே வேர்த்து ஊசிப்போகும். இட்லிக்கும் இதே விதிதான். ஆறின பிறகு இரண்டு பக்கமும் எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, தணலில் வாட்டிய வாழை இலையில் கட்ட வேண்டும். தேங்காய்ச் சட்னியை மட்டும் தயவுசெய்து பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஆனால் எந்தக் கட்டுச்சோறும் மூன்றாம் நாள் காலியாகிவிடும். வேலையோ பத்துப் பன்னிரண்டு நாளைக்கு இருக்கும். அப்போது என்ன செய்வது?

1994 ஜூலையில் தணிக்கைக்காகச் சோலாப்பூர் போயிருந்தேன். தங்கின விடுதியில் சைவம் கிடைத்தது, இல்லையென்று சொல்ல முடியாது. வேளை தவறாமல் பனீர், முந்திரி அரைத்த குழம்பு, விரலளவுக்கு மேலே நிற்கிற எண்ணெய். நாலாம் நாள் வயிறு முரண்டு பிடித்துவிட்டது. காய்ச்சலும் வந்தது. விடுதிக்கு எதிர்வீட்டுத் திண்ணையில் தினமும் ஒரு மராத்திப் பாட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். எல்லாரும் அவரை ஆஜி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவரிடம் கேட்டேன், “ஆஜி, உங்க வீட்டுல உடம்பு சரியில்லாதவங்களுக்கு என்ன கொடுப்பீங்க?”

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்தார். அரை மணி நேரத்தில் வரண் பாத் வந்தது. துவரம்பருப்பை மஞ்சளும் பெருங்காயமும் போட்டுக் குழைய வேகவைத்துக் கடைந்து, உப்பும் துளி வெல்லமும் சேர்த்தது வரண். பாத் என்றால் சோறு. சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் அழுத்தித் தட்டில் கவிழ்த்தார். அந்த வெள்ளைக் குன்றின் தலையில் மஞ்சள் பருப்பு வழிய, மேலே நெய். பக்கத்தில் எலுமிச்சம்பழத் துண்டு. பிழிந்து பிசைந்து வாயில் வைத்தேன். எங்கள் வீட்டுப் பருப்புசாதத்தின் ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருந்தது! நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஆஜி விசிறிக்கொண்டே இருந்தார். மீதி ஏழு நாளும் இராத்திரிச் சாப்பாடு அவர் வீட்டில்தான். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். ஒரு ரவிக்கைத் துணியை மட்டும் வெகுநேரம் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். ‘இங்கே வெஜிடேரியன் கிடைக்குமா’ என்று கேட்டால் மெனு கார்டை நீட்டுவார்கள். ‘உங்கள் வீட்டில் உடம்பு சரியில்லாதவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். சமையல்காரரின் முகமே மாறிவிடும். அவருக்குத் தன் அம்மா ஞாபகம் வந்துவிடும்.

குஜராத்தில் கிச்சடியும் கடியும் என்று பதில் வந்தது. அரிசியும் பயத்தம்பருப்பும் குழைந்த கிச்சடி, கடலைமாவு கரைத்துக் கொதிக்கவிட்ட மோர்தான் கடி. நம் வெண்பொங்கலும் மோர்க்குழம்பும் ஒன்றாக உட்கார்ந்த மாதிரி இருக்கும், லேசான தித்திப்போடு. அவர்களுடைய கட்டுச்சோறு தேப்லா. வெந்தயக்கீரையைக் கோதுமை மாவில் பிசைந்து சுட்ட மெல்லிய ரொட்டி, இரண்டு மூன்று நாள் தாங்கும். ரயிலில் குஜராத்திக் குடும்பம் எதிரில் உட்கார்ந்தால் உங்களுக்கும் ஒன்று நிச்சயம் உண்டு. பதிலுக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி கொடுங்கள், ரொம்ப விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆந்திராவில் முத்தபப்பு என்கிற கெட்டியான துவரம்பருப்பு, நெய், ஆவக்காய். வங்காளத்தில் வேகவைத்த உருளைக்கிழங்கைப் பச்சைக் கடுகெண்ணெய், பச்சைமிளகாய், உப்போடு பிசைந்து சூடான சோற்றுக்குத் தருவார்கள். கடுகெண்ணெயின் நெடி முதல் நாள் மூக்கில் ஏறும், மூன்றாம் நாள் தேட வைக்கும். அங்கே சைவத்துக்கு ‘நிராமிஷ்’ என்று சொல்ல வேண்டும்.

ஒடிசாவில் எனக்குக் கிடைத்த பதிலைக் கேட்டு நான் கிட்டத்தட்டக் கூவிவிட்டேன். பகாளா என்றார்கள். பார்த்தால் நம் பழைய சோறு! நீரூற்றி வைத்த சோறு, தயிர், தாளிதம், பக்கத்தில் வறுத்த கீரை. அங்கே மார்ச் 20-ஆம் தேதியைப் பகாளா தினம் என்றே கொண்டாடுகிறார்கள். பூரி ஜகந்நாதருக்கும் அது நைவேத்தியம். அந்தக் கோயில் மடைப்பள்ளியில் உருளைக்கிழங்கு, தக்காளி, வெங்காயம் எதுவும் நுழையாது. மண்பானைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். கோயிலுக்குள்ளேயே ஆனந்த பஜார் என்ற இடத்தில் அந்தப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சோற்றில் அந்த மண்வாசனையும் புகைவாசனையும் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் நாக்கு ஊறுகிறது.

வழிப்போக்கருக்குச் சோறு போடுவதில் எங்கள் தஞ்சைச் சீமையும் குறைந்ததில்லை. மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றிச் சொல்கிறார். நள்ளிரவு வரை சோறு போடுவார்களாம். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்களாம். இராமேசுவரம் நோக்கி நடந்து நடந்து கால் வீங்கின ஒருவர் இருட்டில் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டிருப்பாரே, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த மணி இப்போது இல்லை. ஆனால் சென்னையிலிருந்து கும்பகோணம் வருகிற வழியில் வடலூர் இருக்கிறது. 1867 மே 23-ஆம் தேதி வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 21 அடி நீள அடுப்பு. யார், எந்த ஊர், என்ன சாதி என்று ஒரு கேள்வியும் இல்லாமல் பசித்து வந்தவர்களுக்குச் சோறு. ஒரு தடவை சென்னையிலிருந்து திரும்பும்போது பஸ் பழுதாகி நின்று, மத்தியானம் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தேன். இலையில் சோறு, குழம்பு, அப்புறம் ரசம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ரசம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். நானும் அப்படித்தான் சாப்பிட்டேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஊர் ஊராகப் போவது என் அண்ணன் மகள்தான். அன்றைக்குச் சொம்பை உருக்கினாளே, அந்த அண்ணியின் பெண். தில்லியில் படிக்கிறாள். ரயிலேறும்போது பால் விட்ட தயிர்சாதமும், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலும், ஒரு பாட்டில் நார்த்தங்காயும் கட்டிக் கொடுத்தேன். போன வாரம் போன் செய்தாள். பக்கத்து அறையில் இருக்கிற ராஜஸ்தான் பெண்ணுக்குக் காய்ச்சலாம், மூன்று நாளாக ஒன்றும் இறங்கவில்லையாம். இவள் போய், ‘உங்க வீட்டுல என்ன கொடுப்பாங்க’ என்று கேட்டிருக்கிறாள். பயத்தம்பருப்புக் கிச்சடி என்று பதில். இருக்கிற ரைஸ் குக்கரில் குழைய வைத்து, நெய் விட்டு, ஓரத்தில் நம் நார்த்தங்காயில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தாளாம். அந்தப் பெண் தட்டை வழித்துச் சாப்பிட்டாளாம்.

“அத்தை, ஊறுகாய் தீர்ந்துபோச்சு. அவளும் கேக்குறா” என்றாள்.

இன்றைக்கு இங்கிருந்து போகிற வழியில் கடைத்தெருவில் இறங்கி நார்த்தங்காய் பார்க்க வேண்டும். நல்லதாகக் கிடைத்தால் இந்தத் தடவை இரண்டு பாட்டிலாகவே போட்டு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.